போனஸ் யார் கொடுத்தது?

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி தவறாமல் வந்துவிடும். 'போனஸ் வந்த கதை தெரியுமா?' என்று ஆரம்பிக்கும். முன்பு வாரச் சம்பளம் இருந்ததாம். வருடத்துக்கு 52 வாரம், நாலு வாரம் ஒரு மாதம் என்றால் 13 மாதச் சம்பளம். வெள்ளைக்காரன் வந்து மாதச் சம்பளம் என்று மாற்றினான், ஒரு மாதச் சம்பளம் காணாமல் போனது. மகாராஷ்டிரத்தில் தொழிலாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்துப் போராடினார்கள், 1940ல் பதின்மூன்றாவது மாதச் சம்பளத்தைத் தீபாவளி போனஸாகக் கொடுக்கச் சட்டம் வந்தது... முடிந்தது கதை. கீழே நான்கு பட்டாசுப் படம்.

52ஐ 4ஆல் வகுத்தால் 13. அதில் தப்பில்லை. மற்றதுதான் இடிக்கிறது. பம்பாய் மில்களில் ஆரம்ப காலத்திலிருந்தே சம்பளம் மாதக் கணக்குத்தான். நெசவுப் பிரிவில் பெரும்பாலானவர்களுக்கு உற்பத்திக்கு ஏற்ற கூலி, நெய்ததற்குக் காசு. அங்கே வாரமென்ன, மாதமென்ன? 1940ல் அப்படி ஒரு சட்டமும் கிடையாது. போனஸுக்கென்று முதல் தனிச் சட்டம் வந்தது 1965ல்.

ஒரு ஃபார்வர்டுக்கு இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்கலாம். கதை தப்பு என்பது மட்டும் காரணமில்லை நண்பர்களே. அந்தக் கதையில் யாரோ ஒரு நாள் கூட்டல் கழித்தல் போட்டுக் காட்டினார்கள், அரசாங்கம் 'அடடா' என்று கொடுத்துவிட்டது. நிஜக் கதையில் கிட்டத்தட்ட ஐம்பது வருட வேலைநிறுத்தமும், பட்டினியும், கோர்ட்டும் இருக்கின்றன. அதில் பெரும்பகுதி நடந்தது நம்மில் பலர் தினமும் லோக்கல் ரயிலில் கடந்து போகும் பரேல், லால்பாக், ஒர்லி பகுதிகளில். கிரண்காவ் என்று மராட்டியில் சொல்வார்கள். மில் ஊர் என்று அர்த்தம்.

மாதச் சம்பளம், ஆனால் எந்த மாதம்?

பம்பாயின் முதல் பஞ்சாலையை 1854ல் ஆரம்பித்தவர் காவஸ்ஜி நானாபாய் தாவர் என்ற பார்சி. தார்தேவில் இருந்த அந்த ஆலை 1856ல் ஓட ஆரம்பித்தது. பிறகு ஆலைகள் பெருகின. ரத்னகிரி, சதாரா பக்கமிருந்து ஆண்கள் கிளம்பி வந்தார்கள். குடும்பம் ஊரில், இவர்கள் சாலில் ஓர் அறைக்குப் பத்துப் பேர். சாப்பாடு கானாவளியில், அதாவது யாரோ ஒரு பெண்மணி மாதக் கணக்கில் சமைத்துப் போடும் மெஸ்ஸில். நம்மவர்கள் இந்த மில்களில் குறைவு. நாம் மாட்டுங்காவில் அலுவலகக் குமாஸ்தாக்களாகவும், தாராவியில் தோல் பதனிடுபவர்களாகவும் இந்த ஊருக்குள் வந்தோம்.

வேலையில் சேர்ப்பது மில் மேனேஜர் இல்லை, முக்காதம். நம்மூர் மேஸ்திரி மாதிரி. அவருக்குக் கையில் ஏதாவது வைத்தால்தான் உள்ளே போக முடியும். நிரந்தர வேலை இல்லாதவன் பத்லி. காலையில் வாசலில் நிற்க வேண்டும், யாராவது வராவிட்டால் அன்றைக்கு வேலை.

சம்பளம் எப்போது? முடிந்த மாதத்துச் சம்பளம் அடுத்த மாதம் 10 முதல் 15 தேதிக்குள். புதிதாகச் சேர்ந்தவன் ஒன்றரை மாதம் சாப்பாட்டுக்கு என்ன செய்வான்? கடன் வாங்குவான். ரூபாய்க்கு மாதம் ஓர் அணா வட்டி சாதாரணம். பார்க்கச் சின்னதாகத் தெரியும். ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஆகவே மாதம் 6.25 சதவீதம், வருடத்துக்கு 75 சதவீதம்! முதலாளி பதினைந்து நாள் தள்ளிக் கொடுத்த சம்பளம் அவருக்கு வட்டியில்லாத நடைமுறை மூலதனம். அதன் வட்டியைத் தொழிலாளி வேறொருவரிடம் 75 சதவீதத்தில் கட்டிக்கொண்டிருந்தான். வணிகவியல் படித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. இன்று நமக்கெல்லாம் சம்பளம் 7ஆம் தேதிக்குள் வர வேண்டும் என்று ஒரு நினைப்பு இருக்கிறதே, அது 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டத்திலிருந்து வந்தது. ஆயிரம் பேருக்குக் குறைவான இடத்தில் 7ஆம் நாளுக்குள், மற்ற இடங்களில் 10ஆம் நாளுக்குள் என்று அந்தச் சட்டம் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை லீவும் இப்படி வந்ததுதான். ஜோதிராவ் பூலேவின் தோழர் நாராயண் மேகாஜி லோகண்டே 1884ல் மில் தொழிலாளர் கூட்டம் கூட்டி, சுமார் 5,500 பேர் கையெழுத்துடன் மனு கொடுத்தார். வாரம் ஒரு நாள் ஓய்வு, மதியம் அரை மணி இடைவேளை, சம்பளம் 15ஆம் தேதிக்குள் என்பவை கோரிக்கைகள். 15ஆம் தேதிக்குள் கொடு என்று மனுப் போட வேண்டியிருந்தது என்றால் அதற்கு முன் எப்படி இருந்திருக்கும்? 1890ல் மில் முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்குச் சம்மதித்தார்கள்.

போனஸ் என்ற சொல் நுழைகிறது

1914ல் முதல் உலகப் போர். துணிக்குக் கிராக்கி, லாபம் கொட்டியது. அரிசி, ஜோவார், மண்ணெண்ணெய் எல்லாம் விலை ஏறியது. கூலியை உயர்த்தினால் போர் முடிந்தபின் குறைக்க முடியாது. அதனால் பம்பாய் மில் முதலாளிகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1917ல் கூலியின் மேல் 10 சதவீதம் 'போர் போனஸ்'. பெயர் வைத்ததிலேயே சூட்சுமம் இருக்கிறது. கூலி என்றால் உரிமை, போனஸ் என்றால் விருப்பம்.

அதே 1917ல் அகமதாபாத்தில் இன்னொரு போனஸ். ஊரில் பிளேக். தொழிலாளர்கள் ஓடிவிடாமல் இருக்க 'பிளேக் போனஸ்' கொடுத்தார்கள். சில ஆலைகளில் இது கூலியில் 70, 80 சதவீதம் வரை போனது. பிளேக் தணிந்ததும் 1918 தொடக்கத்தில் நிறுத்தப் பார்த்தார்கள். பிளேக் போய்விட்டது, விலைவாசி போகவில்லையே! தொழிலாளர்கள் 50 சதவீத உயர்வு கேட்டார்கள், முதலாளிகள் 20 என்றார்கள். காந்தி கணக்குகளைப் பார்த்துவிட்டு 35 சதவீதம் நியாயம் என்று சொன்னார். மில் முதலாளிகள் தரப்பில் முன்னால் நின்றவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய சொந்த அக்கா அனசூயா சாராபாய். மார்ச் 15ஆம் தேதி காந்தி உண்ணாவிரதம் இருந்தார், 18ஆம் தேதி சமரசம். பிறகு நடுவராக இருந்த ஆனந்தசங்கர் துருவா 35 சதவீதம் என்றே தீர்ப்பளித்தார்.

அந்தக் காலத்தில் இந்த ஊருக்கும் நம்மூருக்கும் இருந்த போக்குவரத்தையும் சொல்லிவிடுகிறேன். 1908 பிப்ரவரி, மார்ச்சில் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்தை வ.உ.சி. முன்னின்று நடத்தி வெற்றி பெறச் செய்தார். அதே வருடம் ஜூலையில் திலகருக்கு ஆறு வருடத் தண்டனை என்றதும் பம்பாய் மில் தொழிலாளர்கள் ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள், வருடத்துக்கு ஒரு நாள் வீதம். பத்து வருடம் கழித்து, 1918 ஏப்ரல் 27ல், சென்னை பெரம்பூர் பி அண்ட் சி மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. அதன் தலைவர் பி.பி.வாடியா பம்பாயில் பிறந்த பார்சி. சங்கம் வைத்ததற்காக நிறுவனம் அவர்மேல் வழக்குப் போட்டது, உயர் நீதிமன்றம் தடை உத்தரவும் போட்டது. சங்கம் வைப்பதே வழக்குக்குரிய குற்றமா என்ற கேள்வி அங்கே எழுந்து, பம்பாய்க்காரரான என்.எம்.ஜோஷி 1921ல் மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவர, 1926ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

மொய்யா, கடனா?

மறுபடி போனஸுக்கு வருவோம். போருக்குப் பிறகும் லாபம் நன்றாக இருந்ததால் பம்பாய் முதலாளிகள் சில வருடங்கள் தொடர்ந்து ஒரு மாதச் சம்பளத்தை வருடாந்திர போனஸாகக் கொடுத்தார்கள். தொழிலாளி அதை வைத்துக் கடன் அடைத்தான், ஊருக்குப் போனான், கல்யாணம் செய்தான். 1923ல் ஜப்பான் துணி போட்டி, வியாபாரம் மந்தம். இந்த வருடம் போனஸ் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள்.

1924 ஜனவரியில் வேலைநிறுத்தம். சுமார் ஒன்றரை லட்சம் பேர், இரண்டு மாதத்துக்கு மேல். அரசாங்கம் பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சர் நார்மன் மக்லியாட் தலைமையில் ஒரு குழு போட்டது. கேள்வி ஒன்றுதான். தொழிலாளிக்கு போனஸ் கேட்க உரிமை உண்டா? வழக்கத்தின்படியோ, சட்டத்தின்படியோ, நியாயத்தின்படியோ அப்படி ஓர் உரிமை நிலைநாட்டப்படவில்லை என்று குழு சொல்லிவிட்டது. பட்டினி தாங்காமல் மார்ச்சில் வேலைக்குத் திரும்பினார்கள்.

நம்மூரில் மொய் எழுதுகிறோம் இல்லையா? சட்டப்படி அது அன்பளிப்பு. வசூலிக்க யாரும் கோர்ட்டுக்குப் போக முடியாது. ஆனால் நோட்டுப் போட்டு எழுதி வைப்போம். இரண்டு கல்யாணத்துக்கு வாங்கிக்கொண்டு மூன்றாவதற்கு வராமல் இருந்தால் ஊர் என்ன சொல்லும்? மக்லியாட் குழு கேட்டது 'பத்திரம் இருக்கிறதா' என்று. தொழிலாளி காட்டியது மொய் நோட்டை. தோற்றுப்போனது. ஆனால் அன்றிலிருந்து அந்தக் கேள்வி ஓயவில்லை. லாபம் வந்தால் அது முதல் போட்டவருக்கு மட்டும்தானா, உழைத்தவருக்கும் அதில் பாத்தியதை உண்டா?

சங்கம் வளர்ந்த விதம்

1928ல் ஆறு மாதம் நீண்ட பெரிய வேலைநிறுத்தம். இரண்டு தறி பார்த்தவனை மூன்று தறி பார்க்கச் சொன்ன ஆட்குறைப்பு ஏற்பாட்டுக்கு எதிராக, ஒன்றரை லட்சம் பேர். கிர்ணி காம்கார் யூனியன் பிறந்தது அப்போதுதான். எஸ்.ஏ.டாங்கே போன்றவர்கள் தலைவர்கள். அடுத்த மார்ச்சில் அவர்களில் பலரை மீரட் சதி வழக்கில் பிடித்துப் போனார்கள்.

இந்த இடத்தில் அம்பேத்கர் எழுப்பிய ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போனால் வரலாறு பாதிதான். மில்லில் நல்ல கூலி கிடைப்பது நெசவுப் பிரிவில். அங்கே தலித்துகளை விடமாட்டார்கள். காரணம், நாடாவில் புது நூல் கண்டு மாட்டும்போது நூல் முனையை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தீண்டத்தகாதவன் வாய் வைத்த நாடாவை நான் தொடுவேனா என்று சக தொழிலாளியே சொன்னான். ஒற்றுமை பற்றிப் பேசும் சங்கங்கள் இதைப் பற்றிப் பேசட்டும் என்று 1928ல் அம்பேத்கர் கேட்டார். பரேல் சாலில் வளர்ந்தவருக்கு மில்லின் உள்கட்டு தெரியும். பத்து வருடம் கழித்து, வேலைநிறுத்தத்தைக் கட்டுப்படுத்தும் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து, அதே கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து 1938 நவம்பர் 7ல் ஒருநாள் வேலைநிறுத்தமும் நடத்தினார்.

பின்னால் 1982ல் எல்லாவற்றையும் தீர்மானித்த ஒரு சட்டம் 1946ல் வந்தது. பம்பாய் தொழில் உறவுச் சட்டம். ஒரு வட்டாரத்தில் ஒரு தொழிலுக்கு ஒரே ஒரு பிரதிநிதித்துவ சங்கம். பேச்சுவார்த்தை, ஒப்பந்தம் எல்லாம் அதோடு மட்டுமே. பம்பாய் மில்களுக்கு அந்த இடம் காங்கிரஸ் சார்பான ராஷ்டிரிய மில் மஸ்தூர் சங்கத்துக்குப் போனது. தொழிலாளிகள் ரகசிய வாக்களித்துச் சங்கத்தைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு அதில் இல்லை.

ஒரு சூத்திரம் பிறக்கிறது

1924ல் 'உரிமை இல்லை' என்ற போனஸ், 1950ல் தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு வந்தது. பம்பாய் மில் முதலாளிகள் சங்கத்துக்கும் மில் மஸ்தூர் சங்கத்துக்கும் இடையே வழக்கு. தீர்ப்பாயம் சொன்னதன் சாரம் இது. லாபம் என்பது மூலதனமும் உழைப்பும் சேர்ந்து உண்டாக்கியது. முதலில் தொழிலுக்கும் முதலீட்டாளருக்கும் சேர வேண்டியதை எடுத்து வையுங்கள். மீதி இருந்தால் அதில் தொழிலாளிக்குப் பங்கு உண்டு.

கணக்குப் புரிய ஒரு கற்பனை மில்லை எடுத்துக்கொள்வோம். வருட மொத்த லாபம் 100 லட்சம். தேய்மானம் 20. பழைய இயந்திரத்தை மாற்றப் புனரமைப்பு ஒதுக்கு 15. வரி 26. செலுத்தப்பட்ட மூலதனம் 2 கோடிக்கு 6 சதவீத வருமானம் 12. நடைமுறை மூலதனமாகப் பயன்பட்ட ஒதுக்கு நிதி 1 கோடிக்கு 2 சதவீதம் 2. கழித்தது போக 25 லட்சம் உபரி. இந்த 25 லட்சத்தில்தான் போனஸ். எவ்வளவு பங்கு என்பது அந்தந்த வழக்கைப் பொறுத்தது.

தொழிலாளர்கள் இதில் திருப்தி அடைந்துவிடவில்லை. அதே 1950 ஆகஸ்டில் கூடுதல் போனஸ் கேட்டு சோஷலிஸ்டுகள் தலைமையில் சுமார் 2 லட்சம் பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டு மாதம் நீடித்துத் தோற்றது. அங்கீகாரம் பெற்ற சங்கம் வேறாக இருந்ததால் இவர்களோடு பேச வேண்டிய கட்டாயமே முதலாளிகளுக்கு இல்லை. பிற்பாடு நடக்கப்போவதற்கு ஒத்திகை மாதிரி இருக்கிறதல்லவா?

ஆனால் சூத்திரம் நின்றது. நாடு முழுக்க இந்த முறைப்படியே போனஸ் வழக்குகள் நடந்தன. ஒவ்வொரு வழக்கிலும் புனரமைப்புக்கு எவ்வளவு என்பதில்தான் குடுமிப்பிடி. கடைசியில் 1961ல் எம்.ஆர்.மெஹர் தலைமையில் போனஸ் கமிஷன், 1965ல் போனஸ் பட்டுவாடாச் சட்டம். புனரமைப்பு ஒதுக்கை எடுத்துவிட்டார்கள். மூலதனத்துக்கு 8.5 சதவீதம், ஒதுக்கு நிதிக்கு 6 சதவீதம் என்று ஏற்றினார்கள். மிச்ச உபரியில் பொதுவாக 60 சதவீதம் தொழிலாளிக்கு. லாபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறைந்தது 4 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம்.

1972ல் குறைந்தபட்சம் 8.33 ஆனது. 100ஐ 12ஆல் வகுத்தால் 8.33. அதாவது வருடச் சம்பளத்தில் ஒரு மாதம். நம் வாட்ஸ்அப் நண்பரின் 'பதின்மூன்றாவது மாதம்' உண்மையில் இதுதான். 1923ல் பறிபோன அந்த ஒரு மாதம் சட்டமாகத் திரும்பி வர 49 வருடம் ஆனது. நெருக்கடி நிலையின்போது 1975ல் மறுபடி அதைக் குறைத்தார்கள். 1977ல் ஆட்சி மாறியதும் 8.33 திரும்பியது.

தீபாவளிக்கு ஏன் என்பதற்கும் பதில் உண்டு. மேற்கு இந்திய வியாபாரிகளுக்குப் புதுக் கணக்கு தீபாவளியில் தொடங்கும். கணக்கு முடியும்போது பங்கு கேட்பதுதானே முறை? 1965 சட்டம் கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் போனஸ் கொடுக்கச் சொன்னது. மார்ச் 31லிருந்து எட்டு மாதம் என்றால் நவம்பர் 30. தீபாவளி அதற்குள் வந்துவிடும்.

1981 தீபாவளி

கிரண்காவின் கடைசிப் பெரும் போராட்டமும் போனஸில்தான் ஆரம்பித்தது. 1981 தீபாவளிக்கு 20 சதவீதம் கிடைக்கும் என்று தொழிலாளர்கள் எதிர்பார்த்தார்கள். மில் மஸ்தூர் சங்கம் 8.33 முதல் 17.33 சதவீதத்துக்கு ஒப்புக்கொண்டுவிட்டது. ஸ்டாண்டர்ட் மில் தொழிலாளர்கள் கோபத்தோடு காட்கோபருக்குப் போய் டாக்டர் தத்தா சாமந்தைச் சந்தித்தார்கள். எம்.பி.பி.எஸ். டாக்டர். கல் குவாரித் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்க்கப் போய் சங்கத் தலைவரானவர். இஞ்சினியரிங் தொழிற்சாலைகளில் யாரும் எதிர்பாராத சம்பள உயர்வு வாங்கிக் கொடுத்துப் பெயர் எடுத்தவர்.

1982 ஜனவரி 18ல் வேலைநிறுத்தம். சுமார் 60 மில்கள், இரண்டரை லட்சம் தொழிலாளர்கள். போனஸோடு சம்பள உயர்வு, பத்லிகளை நிரந்தரமாக்குவது, 1946 சட்டத்தை ஒழிப்பது ஆகியவையும் கோரிக்கைகள். அந்தக் கடைசிக் கோரிக்கைதான் அரசாங்கத்துக்குக் கசந்தது. சாமந்தோடு பேசினால் 1946 சட்டமே செத்தது என்று ஆகிவிடும். மில்லில் ஜெயித்தால் அடுத்து துறைமுகம், ரயில்வே என்று போவார் என்ற பயமும் இருந்தது. பேசவே இல்லை.

முதலாளிகள் பக்கத்தை ஒரு வங்கிக்காரனின் கண்ணோடு பார்த்தால் அவர்களுக்கும் அவசரமில்லை என்பது தெரியும். கிடங்கில் விற்காத சரக்கு இருந்தது. பிவண்டி, மாலேகாவ், இச்சல்கரஞ்சி விசைத்தறிகளில் கூலி பல மடங்கு குறைவு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. தொல்லை இல்லை. துணியை அங்கே நெய்து தன் முத்திரை போட்டு விற்கலாம். எல்லாவற்றுக்கும் மேல், ஐந்தொகையில் நூறு வருடம் முந்தைய விலையில் உட்கார்ந்திருக்கும் 'நிலம்' என்ற ஒற்றை வரி. தறி ஓடினால் வரும் வருமானத்தைவிட அந்த வரி தன்னால் வளர்ந்துகொண்டிருந்தது.

தொழிலாளிகள் ஊருக்குப் போய் விவசாயக் கூலி செய்தார்கள், பாத்திரம் விற்றார்கள், தாலி அடகு வைத்தார்கள். கானாவளிப் பெண்கள் மாதக்கணக்கில் கடனுக்குச் சோறு போட்டார்கள். 1975ல் பிரேமா புரவ் தொடங்கிய அன்னபூர்ணா மகிளா மண்டல் இந்தப் பெண்களில் பலருக்கு தேசியமயமான வங்கிக் கடன் வாங்கிக் கொடுத்திருந்தது. 75 சதவீத வட்டிக்காரனிடமிருந்து அவர்கள் விடுபட்ட வழி அது. எங்கள் தொழிலில் நான் பெருமைப்படும் விஷயங்களில் இதுவும் ஒன்று.

வருடம் ஒன்று போனது, ஒன்றரை போனது. வேலைநிறுத்தம் முடிந்தது என்று யாரும் அறிவிக்கவில்லை. அது கரைந்துபோனது. 1983ல் 13 மில்களின் நிர்வாகத்தை மத்திய அரசு எடுத்துக்கொண்டது. பல மில்கள் திறக்கவே இல்லை. திறந்தவை பாதிப் பேரைத்தான் திரும்ப எடுத்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். சாமந்த் தோற்றார் என்று எழுதுகிறார்கள். ஆனால் 1984 இறுதியில், இந்திரா காந்தி மறைவுக்குப் பின் காங்கிரஸ் அலை அடித்த அந்தத் தேர்தலில், பம்பாய் தென்மத்தியத் தொகுதி மக்கள் சுயேச்சையாக நின்ற சாமந்தை டெல்லிக்கு அனுப்பினார்கள். வேலை போனவர்கள், அதற்குக் காரணம் என்று ஊர் சொன்ன மனிதருக்கே ஓட்டுப் போட்டார்கள். அவருடைய பிடிவாதத்தைப் பற்றி எனக்கும் விமர்சனம் உண்டு. பின்வாங்க ஒரு வழி வைத்துக்கொள்ளாமல் இரண்டரை லட்சம் குடும்பங்களை இறக்கக் கூடாது. ஆனால் அவரிடம் ஓடி வந்தவர்களுக்கு வேறு எந்தக் கதவும் திறந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 1997 ஜனவரி 16ல் போவாயில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

நிலத்தின் கணக்கு

மில் நிலம் மொத்தம் சுமார் 600 ஏக்கர். 1991ல் ஒரு விதி வந்தது. நிலத்தை மேம்படுத்தினால் மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சிக்குத் திறந்தவெளிக்கு, ஒரு பங்கு வீட்டுவசதி வாரியத்துக்கு, ஒரு பங்கு உரிமையாளருக்கு. 2001ல் அதைத் திருத்தினார்கள். மொத்த நிலத்துக்குப் பதிலாக, கட்டடம் இல்லாத காலி இடத்துக்கு மட்டும் இந்தப் பங்கீடு. மில் என்றாலே பெரும்பகுதி கட்டடம். ஒரு வாக்கியத் திருத்தம், நூற்றுக்கணக்கான ஏக்கர் கணக்கு மாறிவிட்டது. 2005ல் உயர் நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

2005ல் தேசிய ஜவுளிக் கழகத்தின் மும்பை டெக்ஸ்டைல் மில் நிலம் 702 கோடிக்கு ஏலம் போனது. அதே நிலம் 2012ல் 2,727 கோடிக்குக் கைமாறியது. ஏழு வருடத்தில் ஏறக்குறைய நான்கு மடங்கு, ஒரு முழம் துணி நெய்யாமல். 1981ல் 17.33க்கும் 20க்கும் இடையில் கிடந்த அந்த 2.67 சதவீதத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

2012 ஜூனில் மில் தொழிலாளர்களுக்கு 6,925 வீடுகள் குலுக்கலில் கொடுக்கப்பட்டன, ஒரு வீடு 7.5 லட்சம் ரூபாய். விண்ணப்பித்தவர்கள் ஒன்றேகால் லட்சத்தையும் தாண்டியவர்கள். பலர் இறந்துபோனதால் வாரிசுகள் வரிசையில் நின்றார்கள்.

இன்றைக்கு யாருக்கு?

2015 திருத்தப்படி போனஸ் பெறும் சம்பள வரம்பு மாதம் 21,000 ரூபாய். இதைப் படிக்கும் நம்மில் பலருக்கு அந்த வரம்பு எப்போதோ தாண்டிவிட்டது. ஐ.டி.யில் இருக்கும் பிள்ளைகள் 'வேரியபிள் பே' என்கிறார்கள். வங்கிகளில் 2020 ஒப்பந்தத்தில், செயல்பாட்டு லாபம் வளர்ந்தால் இத்தனை நாள் சம்பளம் என்று ஒரு ஊக்கத்தொகை வந்தது. பெயர்கள் வேறு. லாபத்தில் உழைத்தவனுக்குப் பங்கு என்ற எண்ணம் ஒன்றுதான்.

2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்து, 1965 சட்டம் அதற்குள் அடங்கிவிட்டது. குறைந்தபட்சம் 8.33, அதிகபட்சம் 20, வருடத்தில் 30 நாள் வேலை செய்திருந்தாலே தகுதி, 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்ற அடிப்படைகள் தொடர்கின்றன. இந்த 30 நாள் விஷயம் முக்கியம். ஒப்பந்தக்காரர் மூலம் வரும் காவலாளி, துப்புரவுப் பணியாளர், டெலிவரி கிடங்கில் பெட்டி தூக்கும் பையன் ஆகியோருக்கும் தகுதி இருந்தால் போனஸ் உண்டு. கொடுக்க வேண்டியவர் அந்த ஒப்பந்தக்காரர். நடைமுறையில் பலருக்கு இது தெரியாது. பதினொரு மாதம் முடிந்ததும் ஏஜென்சி மாறிவிடும், பழைய ஏஜென்சிக்காரர் போனை எடுக்க மாட்டார். அந்தக் காலத்துப் பத்லிதான், சீருடை மட்டும் புதுசு.

நம் அடுக்குமாடிச் சங்கங்களில் தீபாவளிக்குக் காவலாளிக்கு நூறு, இருநூறு இனாம் கொடுத்துவிட்டு 'போனஸ் கொடுத்தாச்சு' என்கிறோம். இனாம் கொடுப்பது நல்ல விஷயம், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் ஏஜென்சிக்காரரின் பில்லை வாங்கி, அதில் போனஸ் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். பல பில்களில் இருக்கும், நம்மிடம் வசூலும் ஆகியிருக்கும். அந்தப் பணம் காவலாளியின் கைக்குப் போனதா என்று அவரிடமே ஒரு வார்த்தை கேளுங்கள்.